மூக்கு வெச்சாச்சா?

நவம்பர் 10, திங்கள்

டாக்டர் சொன்னதால்தான் இது எழுதப்படுகிறது. எழுதுவது நான் இல்லை, என் மனைவி மயிலாத்தாள். முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு அ, ஆ போட்டுக் கொடுத்தவள். எனக்கு வெள்ளிங்கிரி என்ற என் பெயரை மட்டும் கையெழுத்தாகப் போட வரும். அதிலும் நடுவில் வரும் 'ங்' எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பாங்க் வாசலிலேயே ஒரு தடவை யோசித்துக்கொண்டுதான் உள்ளே போவேன். நான் வாய்க்கு வந்தபடி சொல்வேன், அவள் ஒழுங்கான தமிழில் எழுதிக்கொள்வாள் என்று ஏற்பாடு.

விஷயம் இதுதான். ஐப்பசி மழையில் நனைந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, ஆனால் எதுவும் மணப்பதில்லை, எதுவும் நாறுவதும் இல்லை. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு நரம்பு தூங்குகிறது என்றார். எழுப்புவதற்கு வழி: கிராம்பு, எலுமிச்சை, நீலகிரித் தைலம், ரோஜாப்பூ. காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் முகர்ந்து, தெரிகிறதா இல்லையா என்று தினமும் எழுதி வர வேண்டுமாம். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவனுக்கு எழுபத்தொரு வயதில் வீட்டுப்பாடம்.

மற்றவர்கள் மூக்கு என்றால் போனால் போகட்டும் என்று விடலாம். சளி சிந்தத்தானே வைத்திருக்கிறார்கள். என் மூக்கு சோறு போடுகிற மூக்கு. சிங்காநல்லூரில் நானும் ஜக்கரியா பாயும் கூட்டாகப் பட்டறை வைத்திருக்கிறோம். ஆட்டோ, வேன், கார் எதுவானாலும் கேஸில் ஓடுகிறதென்றால் எங்களிடம் வரும். பாய்க்கு ஸ்பார்க், வயர், கரண்ட் சமாச்சாரம். கேஸ் போகிற வழி முழுக்க என் பொறுப்பு. வேலை முடிந்ததும் நான் வண்டியைச் சுற்றி வந்து, டேங்க் வாயில் இருந்து இன்ஜின்வரை குனிந்து முகர்ந்து, 'போ' என்றால்தான் டிரைவர் சாவியைக் கையில் வாங்குவான். ஸ்டாண்டுகளில் இதற்கு 'மூக்கு வைப்பது' என்று பெயர். 'மூக்கு வெச்சாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் சவாரியே ஏற்றுவார்கள். மற்ற பட்டறைகளில் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். 'உங்க பட்டறையில வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறாங்களாமே' என்று முப்பது வருஷமாக அவர்களைக் கிண்டல் செய்து வருகிறேன்.

பட்டறையில் யாருக்கும் விஷயம் தெரியாது. மூக்கு திரும்புகிறவரை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று மயிலா மொபெட் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.

நான் வாயை மூடிய பிறகும் இவள் பேனா ஓடுகிறது. என்ன எழுதுகிறாய் என்றால் புள்ளி வைக்கிறேன் என்கிறாள். இவ்வளவு நீளமான புள்ளியை நான் கண்டதில்லை.

(அடைப்புக்குறிக்குள் வருவது என் கணக்கு. டாக்டருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.)


நவம்பர் 12, புதன்

கிராம்பு தெரிந்தது. எலுமிச்சை தெரிந்தது. தைலம் குப்பென்று தெரிந்தது. ரோஜா லேசாக. நரம்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது. நாளை பட்டறைக்குப் போகலாம்.

(கண்ணை நன்றாக மூடிக்கொண்டிருந்தார். நான்கு தடவையும் நான் நீட்டியது வெறும் கரண்டி. சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஏறும். பாய் கூட இருக்கிறார் என்ற தைரியம்தான்.)


நவம்பர் 13, வியாழன்

பட்டறையில் காலடி வைத்ததும் நல்ல வரவேற்பு. ஒரு வாடகைக் கார். முன்பக்கம் எலுமிச்சை, பச்சை மிளகாய், கறுப்புக் கயிறு. பெட்ரோலில் ஓடுகிறதாம், கேஸில் போட்டால் இரண்டு மைல் போய்ப் படுத்துக்கொள்கிறதாம். பக்கத்து ஸ்டாண்டுக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்று டிரைவர் கண் கலங்கினான். பானெட்டைத் திறந்தால் ரெடியூசர் மேல் ஐஸ் வெள்ளை வெளேரென்று பிடித்திருக்கிறது. கல்யாண வீட்டில் கொடுக்கிற ஐஸ்கிரீம் கப் மாதிரி.

டேங்குக்குள் கேஸ் தண்ணீராகப் படுத்திருக்கும். இன்ஜினுக்குப் போகுமுன் அது ஆவியாக வேண்டும். ஆவியாக்குகிற டப்பாதான் ரெடியூசர். ரேடியேட்டரின் சுடுதண்ணீர் அந்த டப்பாவைச் சுற்றி ஓடிச் சூடு கொடுக்கும். சூடு கிடைக்காவிட்டால் டப்பா விறைத்துப் போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். சித்திரை மாதத்து நொய்யல் ஆறு மாதிரி வறண்டு கிடந்தது. செய்வினை வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது, கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லித் தண்ணீர் ஊற்றி, ஹோஸில் இருந்த காற்றை எடுத்துவிட்டேன். ஓடியது.

அந்த எலுமிச்சையை அறுத்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வழக்கம்போல் மூக்கு வைத்து அனுப்பினேன். பட்டறையே என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, தலையை ஆட்டினேன்.


நவம்பர் 15, சனி

துவைக்க எடுத்த சட்டையில் ஷாம்பு பாக்கெட் எப்படி வந்தது என்று மயிலா கேட்டாள். அதுவும் ஏழு பாக்கெட். என் தலையில் முடி என்று ஒன்று இருந்ததை நேரில் பார்த்தவர்கள் இந்தத் தெருவில் அவளையும் சேர்த்து இரண்டு பேர்தான். பாய்க்கு வாங்கினேன் என்று சொன்னேன்.

(பாய்க்கும் வழுக்கைதான்.)

இன்று ஓர் ஆட்டோ டியூனிங். ரெடியூசருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூ, எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். கேஸ் குறைந்தால் இன்ஜின் பசியோடு இருக்கிற மாப்பிள்ளை மாதிரி எகிறும். கூடினால் விருந்து சாப்பிட்ட மாமனார் மாதிரி கண் சொருகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. முன்பெல்லாம் புகையை முகர்ந்து அந்த இடத்தைப் பிடிப்பேன். இன்று காதை வைத்துப் பிடித்தேன். அதுவும் நன்றாகத்தான் வந்தது. காதுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.


நவம்பர் 18, செவ்வாய்

துளசிமணி வேனைக் கொண்டுவந்தாள். பூ மார்க்கெட்டில் ஏற்றி சூலூர்வரை கடைகளுக்கும் கோயில்களுக்கும் பூக்கூடை இறக்குகிறவள். புருஷன் டிரைவராக இருந்தவன். அவன் ஓட்டுகிற லட்சணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சலித்துப் போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வேனுக்குக் கேஸ் கிட் மாட்டியது நான்தான். அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலையின் கரை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

(என்ன நிறம் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.)

வண்டிக்குள் நாற்றம் என்றாள். "சாவி போட்டு ஓட்டுனா நாறுதுங்ணா, நிறுத்திப்போட்டா போயிருது" என்றாள். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியிலேயே ஒரு நாற்றத்தைக் கலந்து விடுகிறார்கள். முட்டை அழுகிய நாற்றம்.

எல்லோரும் டீக்குப் போன நேரம் பார்த்து, வண்டியை நிறுத்தி வைத்து, டேங்கில் இருந்து இன்ஜின்வரை ஒவ்வொரு ஜாயிண்டாக நிதானமாகப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பது தொழில் ரகசியம். ஒன்றும் இல்லை. அவர்கள் திரும்பி வந்ததும் ஊர் பார்க்க ஒரு தடவை மூக்கும் வைத்தேன்.

அம்மணி, இது கேஸ் இல்லை, கூடையில் இருந்து வடிந்த செண்டுமல்லித் தண்ணீர் அழுகி நாறுகிறது, வண்டியைக் கழுவு என்று சொன்னேன். அவள் இல்லை என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். மூக்குக்கு அவ்வளவு மரியாதை இருக்கிறது.


நவம்பர் 20, வியாழன்

(இன்று அவர் எதுவும் சொல்லவில்லை. சாம்பார் அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, பெருங்காய மணம் பிரமாதம் என்றார்.)


நவம்பர் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போகுமுன் அத்தர் போடுவார். ஒரு துளி போட்டால் பட்டறை முழுக்க மணக்கும். டீசல் டேங்கில் ரோஜா செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது, தூரப் போ என்று நான் திட்டுவது வழக்கம். இன்று அதிசயமாக அத்தர் போடவே இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என் முன்னால் வந்து நின்றார். போனார். திரும்பி வந்து நின்றார். தோளில் கை போட்டு என்னண்ணா, உடம்பு நல்லாருக்கா என்று கேட்டார். கையை மூக்குக்கு நேராக நீட்டி வாட்சில் மணி பாருங்கள் என்றார். எனக்கு மணி பார்க்கத் தெரியும், அதைப் பாய் எதற்காகச் சோதிக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

வயதாகிறது, பாவம். அவருக்கும் அறுபது ஆகப் போகிறது.

(மாலையில் பாய் வீட்டு அம்மா போன் செய்தார். அரை மணி நேரம் பேசினோம்.)


நவம்பர் 24, திங்கள்

பட்டறை வாசலில் ஓர் ஆட்டோ வெடித்தது. கேஸ் குறைவாக வைத்து ஓட்டி, பிளக்கும் தேய்ந்துபோய், நெருப்பு வந்த வழியே திரும்பிப் போய் ஏர் ஃபில்ட்டர் டப்பாவைப் பிய்த்து எதிர் பேக்கரி ஷோகேஸ் மேல் எறிந்துவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. பேக்கரிக்காரர் தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சிலையாக நின்றார். டப்பாவை வாங்கப் போன பாய், சும்மா வரக்கூடாது என்று இரண்டு பப்ஸ் வாங்கி வந்தார்.

நான் மூக்கு வைத்து அனுப்புகிற வண்டிகள் எல்லாம் இப்போது நேராக ரோட்டுக்குப் போகாமல் பெட்ரோல் பங்க் பக்கம் திரும்புகின்றன. அந்தப் பக்கம் ஏதோ நல்ல டீக்கடை வந்திருக்க வேண்டும்.


நவம்பர் 28, வெள்ளி

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். போகும்போது, நான் வருகிறவரை எந்த வண்டியையும் அனுப்பாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். என் பட்டறையில் எனக்கே உத்தரவு.

அந்த நேரத்தில் துளசிமணி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குப் பொள்ளாச்சியில் நிச்சயதார்த்தம். வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் அதே வேனில் போகிறார்கள். பின்னால் கூடைகளை எடுத்துவிட்டு சீட் போட்டிருந்தாள். ஒரு தடவை மூக்கு வைத்துக் கொடுங்கள் என்றாள். இன்னும் நாறுகிறதா என்றேன். "எனக்கென்னங்ணா தெரியும். வண்டியக் கழுவிக் கழுவி எனக்கே குழம்பிருச்சு" என்றாள்.

பாய் வர முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த கடைக்குப் போக வேண்டுமாம். வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்தேன். இழுத்தேன். போ என்றேன்.

வந்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி, யாராவது வந்தாங்களா என்பதுதான். யாரும் வரவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மூக்கு வைத்தால் வைத்ததுதான், அதற்கு ஆளைக் கேட்க வேண்டுமா?


நவம்பர் 29, சனி

கிராம்பு தெரிந்தது. மற்றதும் தெரிந்தது. வேறு விசேஷம் இல்லை. இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், பசி இல்லை.

(எதற்கோ திரும்பத் திரும்பப் பொள்ளாச்சி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்.)


நவம்பர் 30, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். புள்ளி வைப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.

காலையில் செடிக்குத் தண்ணீர் விட ஹோஸ் பைப்பை எடுத்தேன். எங்கேயோ ஓட்டை விழுந்து நேற்றில் இருந்து தண்ணீர் வீணாகப் போகிறது, பாருங்கள் என்று மயிலா சொன்னாள். மடியில் போட்டு முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை, உனக்குத்தான் கண்ணில் கோளாறு என்றேன். அவள் போய்க் குழாயைத் திறந்தாள். சர்ரென்று அடித்தது. வேட்டியின் நடுவில், எங்கே அடிக்கக் கூடாதோ சரியாக அந்த இடத்தில்.

"கொழாய மூடி வெச்சுக்கிட்டுத் தேடுனா ஓட்டை எப்படித் தெரியுமுங்க?" என்று கேட்டாள்.

ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்துதான் தெரியாதே தவிர, ஒருவர் ஒன்று சொன்னால் அது சொன்னபடியே காதில் தங்கும். பதினெட்டாம் தேதி துளசிமணி சொன்னது அவள் குரலிலேயே கேட்டது. சாவி போட்டு ஓட்டினால் நாறுகிறது, நிறுத்தினால் போய்விடுகிறது.

டேங்கின் வாயில் ஒரு வால்வு இருக்கிறது. சாவியைத் திருகி வண்டி ஓடினால்தான் அது திறக்கும். வண்டியை நிறுத்தினால் கேஸ் டேங்கைவிட்டு வெளியே வராது. ஜாயிண்டில் நுரை பார்க்கிறவன் வண்டியை ஓடவிட்டுத்தான் பார்ப்பான். நானும் நுரைதான் பார்த்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது, ஷாம்பு அதற்குத்தான். ஆனால் வண்டி ஓடினால் சத்தம் கேட்டு டீக்கடையில் இருந்து ஆள் வந்துவிடும், நான் குளிப்பாட்டுவதைப் பார்த்துவிடுவார்கள் என்று, நிறுத்தி வைத்தே பார்த்தேன். மூடிய குழாயில் ஓட்டை தேடியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அதுகூடச் செய்யவில்லை.

துளசிமணிக்குப் போன் செய்தோம். விசேஷ வீடு, யார் எடுப்பார்கள்? மயிலா மொபெட்டை எடுத்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒண்டிப்புதூரில் துளசிமணி வீட்டு முன்னால் போய் இறங்கும்போது வேன் பொட்டு வைத்துப் பூச்சரம் தொங்கத் தயாராக நிற்கிறது. வரிசைத் தட்டெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உள்ளே ஏறிவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன், நெற்றியில் சந்தனம், தலையில் உருமால், வாயில் பீடி, பின் சீட்டில் ஒரு காலை வைத்துவிட்டார். தீப்பெட்டி கையில்.

நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. பீடியை அவர் வாயில் இருந்து பிடுங்கினேன். நிச்சயத்துக்குப் புறப்படுகிற தாய்மாமன் வாயில் கை வைப்பது என்றால் இந்தப் பக்கத்தில் கொலைக் குற்றத்துக்குச் சமம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியில் வந்து பார்வை நின்றது. கிழவன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு இடுப்பையும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

துளசிமணி டிரைவர் சீட்டில் இருந்து இறங்கி வந்தாள்.

"என்னங்ணா இந்தக் கோலம்?"

"எல்லாரையும் எறக்கு அம்மணி. வண்டிய எடுக்காதே."

"முந்தாநேத்துத்தானுங்க மூக்கு வெச்சு அனுப்புனீங்க."

தெருவே நின்று பார்க்கிறது. அதில் இரண்டு ஆட்டோக்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். முப்பது வருஷத்து மூக்கு.

"மூக்கு செத்துப்போயி ஒரு மாசமாச்சு" என்றேன். "சோப்புத் தண்ணி கொண்டா."

யாரும் அசையவில்லை. மயிலா மட்டும் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, என் சட்டையில் இருந்து எடுத்த அதே ஷாம்பு பாக்கெட்டுகளை நீட்டினாள். பதினைந்து நாளாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, ஆட்களைத் தெருமுனைக்கு விரட்டி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, கேஸில் போட்டு ஓடவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரில் ஷாம்பைக் கலக்கி, டேங்கில் ஆரம்பித்தேன். பின் சீட்டுக்கு அடியில் பைப் சேர்கிற பித்தளை நட்டு. அதன் மேல் தடவியதும் நுரை பூரி மாதிரி உப்பியது. உடைந்தது. மறுபடி உப்பியது. தினமும் பூக்கூடையை இழுத்து இறக்கி இறக்கி நட்டைத் தளர்த்திவிட்டிருக்கிறாள். கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, வேனின் அடியிலேயே தேங்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு எட்டுப் பேர், தாய்மாமன் பீடி.

ஆஃப் பண்ணி டேங்க் வால்வைக் கையாலும் மூடினேன். பெட்ரோலில் போங்கள் என்றேன். இரண்டு வருஷமாகப் பெட்ரோலில் ஓட்டாத வண்டி. கார்பரேட்டர் பிசின் கட்டிப் போய் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள், வேறு வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் பெண், பட்டுச்சேலை, வரிசைத் தட்டு, வாழைத்தார், தாய்மாமன் எல்லாமாகச் சேர்ந்து உக்கடம் பஸ் ஸ்டாண்ட் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறினார்கள்.

தாய்மாமன் போகும்போது என்னைக் கும்பிட்டார். துளசிமணி கும்பிடவில்லை. பஸ்ஸுக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக என் முன்னால் வந்து நின்றாள்.

"நாறுதுன்னு சொன்னனுங்களே. அதென்னமோ செண்டுமல்லித் தண்ணின்னு சொல்லி வாய அடைச்சீங்க. அன்னையில இருந்து எம் மூக்கையே நான் நம்பலைங்ணா. இன்னைக்குக் காலைல குப்புனு அடிச்சுது. வண்டியத்தான் இன்னொருக்காக் கழுவுனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.  அதற்கு என்ன பதில் என்று மயிலாவிடம் கேட்டேன், பதில் இல்லை என்றாள்.

(இருந்தது. சொல்லவில்லை.)


டிசம்பர் 1, திங்கள்

பட்டறைக்குப் போகக் கால் வரவில்லை. மயிலா சாவியை அவளாகவே கையில் கொடுத்தாள்.

செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.  பாய் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்து வைத்தார். சோப்புத் தண்ணீர், உள்ளே பெயின்ட் பிரஷ். பங்க் பக்கம் நல்ல டீக்கடை எதுவும் இல்லை. நான் மூக்கு வைத்து அனுப்புகிற வண்டியை எல்லாம் அங்கே நிறுத்தச் சொல்லி, கொல்லை வழியாக ஓடிப்போய், வண்டியை ஓடவிட்டு இந்தப் பிரஷ்ஷால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். அத்தர் தெரியாத நாளில் இருந்து. டிரைவர்களுக்கு எல்லாம் தெரியும். நான் மூக்கு வைக்கும்போது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பயபக்தியாக நின்றார்களே, அது பக்தி இல்லை.

அவருக்குத் தெரியாமல் நான் ஷாம்பு, எனக்குத் தெரியாமல் அவர் சோப்பு. ஒரு வண்டிக்கு இரண்டு குளியல். அத்தர் நாளுக்குப் பிறகு தப்பிப் போனது ஒன்றே ஒன்று, வெள்ளிக்கிழமை வந்தது.

"யாரும் வரலைன்னு சொன்னீங்கல்லண்ணா" என்றார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் முதல் வண்டிக்குப் பிரஷ் போட்டேன். ஓடவிட்டு, எல்லோரும் பார்க்க. ஓர் ஆட்டோக்காரன் தூரத்தில் இருந்து கேட்டான், ஷாம்பு போட்டாச்சா, சீயக்காயா என்று. வாசனை வேண்டும் என்றால் உன் தலையைக் கொண்டு வா என்றேன். மதியத்துக்குள் இன்னும் நான்கு பேர் அதையே கேட்டார்கள். ஸ்டாண்டில் பெயர் மாறிவிட்டது. இனி நான் சாகிறவரை இதுதான்.


டிசம்பர் 2, செவ்வாய்

பாயும் நானும் ஒண்டிப்புதூர் போய் துளசிமணி வேனுக்குப் புது நட்டு போட்டு, பைப்பை ஒதுக்கிக் கட்டி, மேலே கூடை உரசாமல் தகடு அடித்தோம். கார்பரேட்டரைப் பாய் பிரித்துக் கழுவினார். ஓடவிட்டு எல்லா ஜாயிண்டிலும் நுரை பார்த்தோம். இல்லை.

அவள் வாசலில் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயம் நல்லபடி முடிந்ததா என்று பாய்தான் கேட்டார். முடிந்ததாம். பஸ்ஸில் வந்திறங்கிய சம்பந்தியைப் பார்த்து, ஆடம்பரம் இல்லாத குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே சந்தோஷமாம். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. ஓடுகிற வண்டிக்குள் அவளே ஏறினாள். பின் சீட்டைத் தூக்கி, குனிந்து முகர்ந்தாள். டேங்க் பக்கம் முகர்ந்தாள். முன்னால் வந்து பானெட்டுக்குள் தலையைவிட்டு முகர்ந்தாள். நான் முப்பது வருஷம் செய்ததை விட நிதானமாகச் செய்தாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒதுங்கி வழி விட்டோம்.

"மூக்கு வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

"வெச்சாச்சுங்ணா" என்றாள். சாவியை அப்புறம்தான் வாங்கினாள்.


டிசம்பர் 3, புதன்

தீபம். மயிலா வாசல் முழுக்க விளக்கு வைத்தாள். எண்ணெயும் திரியும் எரிகிற வாசனை ஊரெல்லாம் இருக்கும். எனக்கு விளக்கு மட்டும் தெரிந்தது. போதும்.

பொரி உருண்டை சாப்பிட்டுவிட்டு, பாடத்தை முடித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கிராம்பு தெரியவில்லை.

எலுமிச்சை தெரியவில்லை.

தைலம் தெரியவில்லை.

ரோஜா தெரியவில்லை.

(நான்கும் வெறும் கரண்டி. நான்குக்கு நான்கு சரி.)